கண்மாய்ப் பாசிக்கு நடந்த ஆயுத பூசை

உயிருள்ள பாசியைப் பல வருடம் காப்பாற்றி வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாயில் அகர் கூழைச் சாய்வாக உறைய வைத்து, அதன்மேல் துளிப் பாசியைத் தடவி, பஞ்சால் அடைத்து, குளிர்ந்த அறையில் மங்கலான வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். இன்னொரு செட்டை வேறு அறையில் வைக்க வேண்டும். கல்லூரியில் பிள்ளைகளுக்கு இதை வாய் வலிக்கச் சொல்வேன். அந்தக் கடைசி வேலையை மட்டும் நான் செய்யவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

பரவை ஊர்ப் பக்கம் ஒரு சின்னக் கண்மாயில் நான் எடுத்த, தண்ணீரில் நீந்தும் வகைப் பாசி ஒன்று என்னிடம் இருந்தது. அந்த இடம் இப்போது வீட்டுமனை. எனக்குத் தெரிந்து அந்தப் பாசி மிச்சமிருந்தது இரண்டே குழாயில்தான். புதுக் குழாய்க்கு மாற்ற எடுத்தவள், நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் ஆயுத பூசைக்காக ஆய்வகத்தைக் கழுவினார்கள். சாமி முன்னால் வைக்கிற குழாயில் பாசி பிடித்திருக்கலாமா என்று, கூட்டித் துடைக்கும் அக்கா இரண்டையும் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டார். மறுநாள் போனால் குழாய்கள் பளபளவென்று, சந்தனமும் குங்குமமுமாக நிற்கின்றன.

“ஐயையோ! அறிவிருக்கா உங்களுக்கு?”

எல்லோர் முன்னாலும் கத்தினேன். பொரிகூட வாங்காமல் போன அக்கா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

நான்காம் நாள் ஆரப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ, “அதை எங்க கொட்டுனீங்கக்கா?”

“பச்சப்பசேல்னு இருந்துச்சும்மா. சாக்கடையில போட மனசு வரல. காலேஜ் வாசல் செம்பருத்தித் தொட்டியில தட்டிவிட்டேன்.”

தொட்டியின் மேல்மண்ணைச் சுரண்டி, பாசி வளர்க்கும் சத்துத் தண்ணீரில் போட்டு வைத்தேன். சத்தியமாக நம்பிக்கை இல்லை. வேலைக்குத் திரும்பிய அக்கா தினமும் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் அந்தக் குடுவையைத்தான் எட்டிப் பார்ப்பார். “இன்னும் ஒண்ணையும் காணோமேம்மா” என்பார்.

மூன்றாம் வாரம் பச்சை தட்டியது. மண்ணிலிருந்த வேறு பாசிகளும் கலந்து வந்தன. பிரித்துப் பிரித்து வளர்த்து, என் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அதேதான் என்று உறுதி செய்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் ரொம்ப நேரம் தலையை எடுக்கவில்லை.

“ஆத்தி! நகருதேம்மா. இம்புட்டூண்டு உசுரையா நான் தேய்ச்சுக் கழுவுனேன்? அழுக்குன்னுல்ல நெனச்சேன். முன்னாடியே ஒருக்கா காட்டியிருந்தா தொட்டே இருக்க மாட்டேனே.”

எட்டு வருடமாக அந்த மேசையைத் தினமும் துடைப்பவர் அவர். ஒரு நாள்கூட நான் கூப்பிட்டுக் காட்டியதில்லை.