தறி ஓடும்போது பேசிய பேச்சு

எனக்கு டாக்டர் சீட்டு கிடைக்குமா கிடைக்காதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் தறி ஓடும்போது மட்டும்தான் நடக்கும். பின்கட்டில் அப்பாவின் இரண்டு விசைத்தறிகளும் தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அம்மா தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் காதில் வாயை வைத்துக் கத்துவாள். அப்பா திரும்பக் கத்துவார். பக்கத்து வீட்டிலும் தறி ஓடுவதால் ஒரு எழுத்து வெளியே போகாது. கரண்ட் போனால் அந்த நிமிஷமே எங்கள் வீட்டில் டாக்டர் படிப்பும் நின்றுவிடும். அப்பா பாதியில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "மழ வருமோ என்னமோ" என்பார். அந்த வருஷம் சங்கரன்கோவிலில் மழையைப் பற்றி எங்கள் அப்பா அளவுக்குக் கவலைப்பட்ட ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நுழைவுத் தேர்வெல்லாம் இன்னும் வரவில்லை. மார்க்கும் இன்டர்வியூவும்தான் கணக்கு. நான் வாங்கிய மார்க் நல்ல மார்க். அப்பா மார்க் ஷீட்டை வாங்கி வந்து, தறிச் சத்தத்தில் அம்மாவின் காதில் ஒவ்வொரு பாடமாகப் படித்துச் சொன்னார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அதற்குப் பிறகு அந்த மார்க்கை அவள் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை. தறி ஓடும்போது கூடச் சொல்லமாட்டாள்.

அவள் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய ஒரே தம்பி, என் தாய்மாமா, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறினாராம். தெருவே கூடி மாலை போட்டதாம். மாமாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "கலெக்டரு வாராரு" என்பார்களாம். அந்த வருஷமே விஷக்காய்ச்சல் வந்து போய்விட்டார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். அம்மா அதைத் தம்பியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். அதனால் அவளிடம் நான் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஆனால் எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் அவள் சும்மா மறைக்கவில்லை, மார்க்கைக் குறைத்தும் சொன்னாள். எங்கள் தெருவில் பிளஸ் டூ வரை போன பெண் நான் ஒருத்திதான், பொய்யைக் காட்டிக்கொடுக்க ஆள் கிடையாது. குழாயடியில் யாராவது கேட்டால், "பாஸாயிட்டா, அம்புட்டுதான். இந்த மார்க்கு டீச்சர் டிரெயினிங்குக்கே காணுமான்னு தெரியல" என்பாள். நான் பக்கத்தில் குடத்தோடு நிற்பேன். "விடுட்டி மக்கா, தலையில எழுதுனதுதான நடக்கும்" என்று ஒருத்தி என் கன்னத்தைத் தடவுவாள். ராத்திரி பகலாகப் படித்தவளுக்கு அந்தத் தடவல் அறையைவிட மோசம்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எங்கள் மேல் உண்மையான பிரியம் உண்டு. அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மூத்த மகன் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் திருட்டுத்தனமாக விண்ணப்பம் போட்டிருந்ததும் அதே கல்லூரிக்குத்தான். ஒரு நாள் அந்த அம்மாவே சொன்னார். "மதினி, புள்ளைக்கு ஆச இருந்தா எம்மவன்ட்ட கேளுங்க. எதெது எங்கன போடணும், யாரப் பாக்கணும்னு எல்லாம் அவனுக்கு அத்துப்படி."

"எதுக்கு மதினி? இவ வாங்கின மார்க்குக்கு அந்த வாசல்ல கூட நிக்க விடமாட்டாவ" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது கோவில்பட்டியில் ஒரு வளைகாப்பு என்று சொல்லிக்கொண்டு கிளம்பினோம். நம்ப வைப்பதற்காக அம்மா ஒரு தட்டு நிறைய வளையல் வாங்கி மஞ்சள் பையில் போட்டு, தெரு பார்க்க என் கையில் கொடுத்தாள். அந்த வளையல் கலகலவென்று ஆட ஆடத்தான் நான் இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் அப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். கல்லூரியில் அவன் கண்ணில் பட வேண்டியிருக்காது என்பதில் அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதி!

முடிவு தபாலில் வரும். தபால்காரர் சர்க்கார் கவரோடு எங்கள் வாசலில் சைக்கிள் மணி அடித்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே அப்பா காலையிலேயே போஸ்ட் ஆபீசுக்குப் போய்விடுவார். "தபால் வந்தா இங்கனயே வச்சிரும். நானே வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவைத்தார். தபால்காரர், "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குத் தெரியாம யாருக்கும் காயிதம் போட்டிருக்கீரா?" என்று கேலி செய்தாராம். அப்பா அதையும் சிரித்து ஏற்றுக்கொண்டார். மகள் டாக்டராவதற்காக அந்தக் கெட்ட பெயரையும் சுமந்தார்.

கவர் வந்தது. சீட்டு இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெயிட்டிங் லிஸ்டில் என் பெயர் மேலே இருப்பதாகவும், காலியிடம் ஏற்பட்டால் தெரிவிக்கப்படும் என்றும் இங்கிலீஷில் இரண்டு வரி. நான்தான் தறிச் சத்தத்தில் படித்து அர்த்தம் சொன்னேன். அப்பாவுக்கு ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மட்டும்தான் தெரியும். "கவலப்படாத. எவனாச்சும் ஒருத்தன் எறங்குவான். டி.டி.ஆர். தேடி வந்து கூப்பிடுவாருல்லா" என்றார். டி.டி.ஆர். தேடி வரமாட்டார், நாம்தான் போய்ப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இருந்த ஒரே வீட்டுக்கும் நாங்களே கதவைச் சாத்தியிருந்தோம்.

ஆடி பிறந்தது. கோமதி அம்மன் கோயிலில் கொடி ஏறியது. சிவனையும் பெருமாளையும் ஒரே உருவில் பார்ப்பதற்காக அம்மன் ஒற்றைக் காலில் தவசிருக்கும் நாட்கள் அவை. அம்மன் படும் வேதனையில் தாங்களும் பங்கெடுப்பதாக நேர்ந்துகொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் கோயிலைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். அம்மாவும் சுற்றினாள். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் முட்டுவலி என்றாள். முட்டுவலிக்காரி எதற்காக இப்படி விடாமல் சுற்றுகிறாள் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் வீங்கிய காலோடு வந்து தார் சுற்ற உட்காருவாள். நான் காலைப் பிடித்துவிட வந்தால் இழுத்துக்கொள்வாள். "நீ புடிச்சா நேர்ந்தது போயிரும்ட்டி" என்பாள். என் பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டாளா, சாமியிடமும் முட்டுவலி என்றே சொல்லிவிட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்தது. சப்பரம் வந்து போன வீதியில் குப்பை பறந்தது. தபால் வரவில்லை. என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். எனக்கு ஒரு பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. அங்கே சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டால் டாக்டர் சீட்டு வரும்போது திரும்பத் தருவார்களோ என்னமோ என்று அப்பா பயந்தார். அந்த இடத்தையும் விட்டோம். அப்பா போஸ்ட் ஆபீசிலிருந்து திரும்பும்போது அம்மா முகத்தைப் பார்க்க மாட்டார், நேராகப் போய்த் தறியைப் போடுவார். தறி ஓடியது, பேச்சுதான் நின்றுபோனது. யாருக்கும் தெரியாத ஆசை என்பதால் ஆறுதல் சொல்லவும் ஒருவர் வரவில்லை. செத்தவர் வீட்டுக்குக்கூட நாலு பேர் வருவார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த வீட்டுக்குள் செத்துக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் எங்கள் ஊரில் ஒரு தறியும் ஓடாது. தறிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். தறியில் விரிந்திருந்த பாவு நூலின் மேல் அம்மா என் சர்டிபிகேட்டுகளை மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தாள். பொரியும் சுண்டலும் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பார்க்கவில்லை. பூஜை லீவுக்கு அன்று காலையில்தான் ஊருக்கு வந்திருந்தான். நல்ல பையன், கலகலப்பாகப் பேசுவான்.

"மாமா, ஒரு வேடிக்க கேளுங்க" என்று அப்பாவிடம் ஆரம்பித்தான். "எங்க காலேஜ் போர்டுல வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து எடுத்தவங்க பேரு ஒட்டியிருந்தாங்க. அதுல நம்ம புள்ள பேரு, அதே இனிஷியலு! ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டேன். பெறவுதான், அத்த சொன்னாவள்லா, அவ மார்க் கம்மின்னு, அது நெனப்பு வந்துச்சு. வேற எந்த ஊருப் புள்ளயோன்னு நெனச்சிக்கிட்டேன்."

அப்பா பொரியைக் கையில் வைத்தபடி, "என்னைக்குப்பா?" என்றார்.

"அது ஆச்சு மாமா. ஆவணியிலயே. அந்தப் புள்ள வரவே இல்லையாம். அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாவ."

மறைப்பதற்குத் தறிச் சத்தம் இல்லை. அம்மாவின் கையிலிருந்த சுண்டல் பாத்திரம் விழுந்து உருண்டது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பையன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஆரம்பித்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அத்த, நீங்கதான..." என்றான். வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டான்.

பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் அப்பாவும் நானும் கல்லூரிக்குப் போனோம். இந்தத் தடவை யாரிடமும் வளைகாப்பு என்று சொல்லவில்லை. ஆபீசில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். பழைய பட்டியலை எடுத்து என் பெயரைக் காட்டினார். அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு கார்டு போட்டிருந்தா ஓடி வந்திருப்போமேய்யா" என்றார்.

"போர்டுலதான் ஒட்டுவோம். வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்க வந்து வந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. இல்லேன்னா இங்க படிக்கற யார்கிட்டயாவது சொல்லி வைப்பாங்க" என்றார் அவர். பிறகு, குத்திக்காட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

அப்பா பட்டியலை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு எழுந்தார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வரவில்லை. சீட்டு கிடைக்காமல் போயிருந்தால் அழுதிருப்பேன். கிடைத்து, பலகையில் காய்ந்து, கிழிந்து போனதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

வீட்டில் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவளைத் திட்ட வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் காலைப் பார்த்தேன். ஆடியில் வெடித்த பித்தவெடிப்பு இன்னும் மூடவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எனக்கு என்னவோ பயமாக இருந்தது, பின்னாலேயே போனேன். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போச்சே என்று யாரோ மெதுவாக ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அவர் மகன் குற்றம் செய்துவிட்டது போல.

அம்மா குடத்தைத் தரையில் வைத்தாள்.

"எம்மவ மார்க்கு என்னன்னு கேட்டியள்லா? இப்பச் சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கத்திச் சொன்னாள். அப்பாவின் காதில் கத்திக் கத்திப் பழகிய குரல்தானே. தமிழிலிருந்து ஆரம்பித்து இங்கிலீஷ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். குழாய்க்கடியில் வேறொருத்தியின் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் குழாயை மூடவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "மெதுவா, மதினி. புள்ளைக்குக் கண்ணு பட்டுறப் போகுது."

"படட்டும் மதினி" என்றாள் அம்மா. "இனிமே படுறதுக்கு என்ன இருக்கு?"

பிறகு விட்ட இடத்திலிருந்து கடைசிப் பாடத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு மார்க் பிசகவில்லை.