எட்டு வீட்டுச் சீர்வரிசையும் பதினோரு ஏக்கர் நெல்லும்

மாவட்டக் கணக்கெடுப்புப் படிவம் நஸீரன் மாயியைப் பற்றி நான்கே வரி சொல்கிறது. வயது நாற்பத்தாறு. எழுத்தறிவு இல்லை. தொழில் இல்லை, கணவரைச் சார்ந்தவர். வீட்டில் மின்வசதி உண்டு.

வயதில் இரண்டு குறைச்சல். அதை அவளே சொல்லியிருப்பாள், விட்டுவிடலாம். மின்வசதி என்றால் கம்பம் இருந்தது, கம்பியும் இருந்தது. டிரான்ஸ்பார்மர் புகைந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கணவர் அல்லாதித்தா கராச்சி நூல் ஆலை ஒன்றில் வேலை பார்த்தபடி பெருநாளுக்குப் பெருநாள் ஊருக்கு வந்துபோனார். அவரைச் சார்ந்திருந்தால் வீட்டு எருமைகூடப் பட்டினி கிடந்திருக்கும்.

பாகிஸ்தான் பஞ்சாபில், பஹாவல்நகர்ப் பக்கம் அந்த ஜூலையில் நடவு முடிந்து மூன்று நாள்தான். வாய்க்காலில் ஊரின் முறை வர இன்னும் ஏழு நாள். அதுவரை பயிருக்குத் துணை இமாம்பக்ஷ் சாச்சாவின் டீசல் எஞ்சின். அது அன்று காலை ஒருமுறை இருமி, கறுப்பாகத் துப்பி, நின்றுவிட்டது.

“சாச்சா, எப்ப ஓடும்?” என்றாள் நஸீரன்.

“உள்ள தண்டு முறிஞ்சு போச்சு. சாமான் டஸ்காவிலேருந்து வரணும். ஆறு நாளாவது ஆகும்.”

“நாத்துக்கு ரெண்டு நாள்தான் உசிரு.”

“அதுக்கு? எஞ்சினுக்குப் பதிலா நான் சுத்தட்டுமா?”

“உங்க வயித்தப் பார்த்தா சுத்துற மாதிரி தெரியலயே!”

ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு மின்மோட்டார் இருந்தது. கரண்டு இல்லாததால் அதன்மேல் கோழி அடைகாத்தது. அதே ஊரில் எட்டு வீடுகளில், அறுவடைக்குப் பிறகு கட்டிக்கொடுக்க இருந்த பெண்களுக்காக, வீட்டுக்கு இரண்டு சோலார் தட்டுகள் வாங்கி வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் தட்டும் மின்விசிறியும் இல்லாமல் சம்பந்தம் பேச எவரும் உட்காருவதில்லை. வெயிலைத் தின்பதற்கென்றே பிறந்த பொருள், வெயில் படாமல் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. கட்டைப் பிரிப்பது மாப்பிள்ளை வீட்டார் உரிமை. அதற்குமுன் பிரித்தால் அது சீர் அல்ல, பழைய சாமான்.

நஸீரன் வீட்டுக்கு வந்து ரஜாய்களை இறக்கினாள். மகள் ரிஃபத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, என் மாமியார் போன மாசம்தான் வந்து முடிச்சத் தொட்டுப் பார்த்துட்டுப் போனாங்க. பிரிச்சா கல்யாணமே நின்னு போகும்!”

“நெல்லு காஞ்சா கல்யாணச் சோத்துக்கு எங்க போறது? கத்தரிக்கோல எடு.”

அவள் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. தன் இரண்டு தட்டுகளைத் தலையில் வைத்துத் தெரு நடுவே பொதுக் கிணற்றுக்கு நடந்து போனாள், அவ்வளவுதான். பத்து மணிக்குள் மற்ற ஏழு வீட்டிலும் கயிறு அறுந்தது. ஊர் நன்மைக்காக அல்ல. நஸீரனின் நெல் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்க்க எவளுக்கும் மனம் வரவில்லை.

சொல்லி அனுப்பியதும், பக்கத்துச் சிறுநகரமான கஸ்பாவிலிருந்து கடைக்காரன் ஷௌகத் இன்வெர்ட்டர் பெட்டியை மடியில் வைத்து மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தான். பதினாறு தட்டும் அவன் கடையில் வாங்கியவைதான், எல்லாம் ஒரே அளவு. கயிற்றுக் கட்டில்களின் இரண்டு கால்களுக்குக் கீழ் செங்கல் கொடுத்துச் சாய்த்து, மேலே தட்டுகளை வரிசையாக அடுக்கினார்கள். கோழியைக் கிளப்பினார்கள். ஷௌகத் பொத்தானை அழுத்தினான்.

மோட்டார் அசையவே இல்லை.

அவன் முடிச்சு முடிச்சாகக் கம்பியைத் தடவிப் பார்த்தான். “நான் சொல்லல? வெயில்ல நாத்துதான் காயும், மோட்டார் ஓடாது,” என்றார் இமாம்பக்ஷ், ஏறக்குறைய மகிழ்ச்சியாக. நஸீரன் கட்டில்களைச் சுற்றி வந்தாள். எட்டுத் தாய்மாரும் கண்ணேறு கழிய, தங்கள் தட்டுகளின்மேல் ஜரிகை வைத்த சிவப்புத் துணியைக் கெட்டியாகப் போர்த்தியிருந்தார்கள். அதில் ஒரு துணி அவளுடையதேதான்.

“ஏண்டா ஷௌகத், உனக்குக் கண்ணு தெரியாதா?”

“தெரியும் மாயி. ஆனா பொண்ணு வீட்டுச் சீர்மேல போட்ட துணிய எடுங்கன்னு நான் எப்படிச் சொல்றது?” அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அடப் பாவி மரியாதைக்காரா!” அவள் ஓடி ஓடித் துணிகளை உருவினாள். பதினாறாவது தட்டு வெயிலைப் பார்த்ததும் மோட்டார் முனகியது, உறுமியது. குழாய் துருநிறத்தில் சேற்றைக் கக்கியது. பிறகு தொடை கனத்துக்குத் தண்ணீர்! புகையில்லை, இரைச்சலில்லை. இரைச்சலெல்லாம் மனிதர்களுடையது. பெண்கள் கைதட்டிக் கத்தினார்கள், ரிஃபத் செருப்போடு வாய்க்காலில் குதித்தாள், யாரோ நாயை நனைத்தார்கள். இமாம்பக்ஷ் மட்டும் சத்தம் போடவில்லை. அதற்குள் தன் வயல் வரப்பை வெட்டிவிட்டிருந்தார்.

நண்பகலில் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. பக்கத்து ஊரிலிருந்து ரிஃபத்தின் வருங்கால மாமியார் மன்ஸூரா. செய்தி அவ்வளவு வேகம். ரிஃபத் வாய்க்காலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன சம்பந்தி இது? நாங்க பிரிக்க வேண்டியத ஊரே பிரிச்சு வச்சிருக்கு? என் மருமகளுக்குப் பழசையா அனுப்பப் போறீங்க?”

நஸீரன் ஈரக் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தாள்.

“உங்க மருமகளும் இருபது வருஷமா இங்க சாணி அள்ளுனவதான் சம்பந்தியம்மா. அவளையும் பழசுன்னு திருப்பி அனுப்புவீங்களா?”

மன்ஸூரா தண்ணீரைப் பார்த்தார். காயத் தொடங்கியிருந்த வயலில் அது நாற்றின் கழுத்துவரை ஏறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் காலை நனைத்தார்.

“எங்க ஊரிலயும் மோட்டார் சும்மாத்தான் கெடக்கு,” என்றார் கடைசியில். “அங்க பன்னெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குது. எல்லார் வீட்டுலயும் தட்டு இருக்கு. அந்தப் பெட்டிக்காரப் பையன எங்கிட்ட எப்ப அனுப்புவீங்க?”

“கல்யாணம்?”

“தேதியில மாத்தம் இல்ல. ஆனா தட்டத் தொடச்சு அனுப்பணும், ஆமா.”

ஆறு நாள், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, சூரியன் நகர நகர நஸீரன் எட்டுக் கட்டில்களையும் திருப்பி வைத்தாள். ஊரின் பதினோரு ஏக்கர் நெல்லுக்கும் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் தண்ணீர் பாய்ச்சினாள்.