ஸ்பிளிட்டு வாங்கப் போன மச்சான்: ஆம்பூரில் ஜீப்பின் முன் ஆக்சிலைப் பிரித்த கதை

பழைய ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாக ஏறலாம். ஆனால் 1981 நவம்பரில் நான் போனது மாதிரி போக வேண்டாம். என் மனைவி ஸ்டெல்லா அப்போது மலையூர் ஒன்றில் நர்ஸ். நிறைமாதம். காவலூருக்கு அப்பால் மண் ரோடு மழையில் கரைந்து பஸ் நின்றுவிட்டது. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் போகும். என்னிடம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப் இருந்தது. அவளை இறக்கி வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். சுற்றிப்பார்க்கிற எண்ணமெல்லாம் கிடையாது.

காலை ஆறு மணிக்கு வேலூர் சத்துவாச்சாரியில் கிளம்பினேன். ஆம்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் எப்போதும் உண்டு. அந்த வண்டியின் சுபாவமே அதுதான் என்று விட்டிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் அது உறுமலாக மாறியது. ஸ்டெல்லாவின் தம்பி ஏசுதாஸை ஏற்றிக்கொள்ள ஆம்பூரில் நிறுத்தினால், வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டுகிறது. தோல் பதனிடும் ஃபேக்டரியில் வேலை செய்பவன் அவன். நேராகக் கரீம் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப்போனான்.

பாய் முன் ஆக்சிலைப் பிரித்தார். டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டிக்குள் போகிற பினியனின் நட்டு கழலாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் குத்தியிருக்க வேண்டும். அந்தத் துளையில் எந்தப் புண்ணியவானோ வெறும் கம்பியை முறுக்கிவிட்டிருந்தான். கம்பி அறுந்து, நட்டு தளர்ந்து, பேரிங் போயிருந்தது. பல் ஒன்றும் உடையவில்லை என்று பாய் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பேரிங் அவரிடமே ஒன்று இருந்தது.

ஆனால் இன்னொரு வில்லங்கம். முன் சக்கரத்தைத் திருப்புகிற குமிழைச் சுற்றி எண்ணெயைக் காக்கிற கம்பளிப் பட்டை இரண்டு பக்கமும் நைந்து கிடந்தது. புதிது மறுநாள்தான் கிடைக்குமாம். "இது இல்லாம சேத்துல எறக்கினா மண்ணு உள்ள பூந்துடும். பாதி மலையில பேஜார் பண்ணும்," என்றார்.

மறுநாள் வரை ஸ்டெல்லா தாங்குவாளா? இருக்கிற வேலையையாவது முடிப்போம் என்று பாய், கெட்டியாகப் பார்த்து ஒரு ஸ்பிளிட்டு வாங்கிவரச் சொல்லி ஏசுதாஸை அனுப்பினார். எதிர்ச்சாரியில் இருந்த லாரி ஷெட்டுக்குப் போய்வர ஐந்து நிமிஷம் போதும். அவன் ஒரு மணி நேரம் கழித்து சைக்கிளில் வந்தான், கேரியரில் ஒரு தோல் சுருளோடு.

"இன்னா தம்பி இது? ஜீப்புக்குச் செருப்பு தைக்கிறோமா?" என்றார் பாய்.

"நீங்கதானே பாய் கெட்டியா ஸ்பிளிட்டு கேட்டீங்க?"

தோலை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் அடித்தோலுக்கு அவன் ஃபேக்டரியில் ஸ்பிளிட்டு என்றுதான் பெயர். சூப்பர்வைசர் காலைப் பிடித்து நல்லதாகப் பொறுக்கி வாங்கி வந்திருக்கிறான். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அக்கா அங்கே என்ன நிலையில் இருக்கிறாளோ, இவன் தோல் வாங்கி வந்திருக்கிறான் என்று கத்தினேன்.

பாய் கத்தவில்லை. தோலைத் தடவினார், மடக்கினார். பிறகு நைந்த கம்பளிப் பட்டையை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். "இதுவே ஆவும்," என்றார்.

பட்டை அளவுக்கு வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு, இரண்டு பக்கமும் பொருத்தினார். ஸ்பிளிட் பின்னை நானே ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

மதியம் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். காவலூருக்கு அப்பால் சேறு தொடங்கியதும் முன் சக்கர இழுவைக் கியரைப் போட்டேன். ஏசுதாஸ் வாய்க்குள் ஜெபம் செய்தான். வண்டி முனகாமல் ஏறியது. அப்படியொரு நிம்மதியை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்த பிறகுதான் ஸ்டெல்லா மெதுவாக வெளியே வந்தாள். "காலையிலருந்து உங்க கடகடா சத்தத்துக்குக் காதைத் தீட்டினு உக்காந்திருந்தேன். இது யாரோ வேற வண்டின்னு வெளிய வரல," என்றாள். அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினோம்.

மறுநாள் விடியற்காலை வேலூரில் மகள் பிறந்தாள்.

இப்போது அங்கே நல்ல தார் ரோடு. இருந்தாலும் பழைய நாலு சக்கர இழுவை வண்டியில் போகிறவர்கள் கிளம்புமுன் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வந்தால் சுபாவம் என்று விடாதீர்கள். நாலைந்து ஸ்பிளிட் பின் கையோடு இருக்கட்டும். ஆம்பூரில் வாங்க ஆள் அனுப்பினால் 'பின்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டதில் வீட்டில் ஒரு செல்லப்பெயர் வந்தது: என் மகளைத் தாய்மாமன் இன்றும் ஸ்பிளிட்டு என்றுதான் கூப்பிடுகிறான்.