இறுகிய அச்சு

இருபது வருடமாகச் சைக்கிள் கடை நடத்துகிறவள் அவள். எந்தத் துருவும் அவளிடம் வாலாட்டியதில்லை. அன்று முன்பின் தெரியாத ஒருவர் கொண்டுவந்த பின்சக்கரத்தின் அச்சு மட்டும் அசைவேனா என்றது.

"வீட்டுல சும்மா நின்னதுல துரு புடிச்சிருச்சுக்கா," என்றார் அவர்.

எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையை அண்டக்கொடுத்துச் சுத்தியலால் தட்டினாள். அச்சு வெளியே வந்தபோது கூடவே கருஞ்சேறும் ஒரு குளத்து நத்தையும் விழுந்தன. அச்சின் முனையில் அவளே அரம் போட்ட தழும்பு. மூன்று மாதத்துக்கு முன் சைக்கிளோடு காணாமல்போன தபால்காரருக்கு அவள் மாட்டிக்கொடுத்த அச்சு அது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சக்கரத்துக்குப் புது பேரிங் பால்ஸ் வாங்கணும்ணே, பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

அவர் நத்தையைப் பார்த்தார். பிறகு வாசலை மறித்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கயும் போக வேணாம்க்கா. இருக்கிறதை வச்சே மாட்டுங்க."