ஜப்பான் கட்டும் ஒரு சாக்கு இலையும்

மூன்று நாளாக வீடியோ பார்த்து ஜப்பான் கயிற்றுக்கட்டு கற்றுக்கொண்டேன். அதில் வரும் மனிதர் மூட்டையைக் கல்யாணப் பரிசு மாதிரி கட்டுகிறார்.

இன்று மதியம் அம்மா பறித்து வைத்திருந்த தேயிலைச் சாக்கில் அதைச் செய்து பார்த்தேன். காலால் மிதித்து, இறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஆறு சுற்று. தேயிலை கட்டுப்படியாகாத காலத்தில் என் கட்டாவது படியட்டும் என்று ஸ்டேட்டஸ் வேறு போட்டேன்.

சாயங்காலம் ஜெகதளா ரோட்டுக்கு இலை வண்டி வந்தது. விலை விழுந்ததிலிருந்து ஒவ்வொரு சாக்கையும் பிரித்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். இலை எடுக்கும் ஏஜென்ட் அண்ணன் முடிச்சோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினார்.

“ஏனுங்க அக்கா, உள்ள இருக்கறது இலைதானுங்களா, இல்ல பொணமா?”

அம்மா செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் கயிற்றை அறுத்தார். அண்ணன் சாக்குக்குள் கையை விட்டு உடனே எடுத்தார்.

“வெந்துருச்சுங்க. இறுக்கிக் கட்டுனா இலை சூடேறிச் செவந்துரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? நல்ல இலையவே ஃபேக்டரில திருப்பி அனுப்பறாங்க.”

வண்டி போய்விட்டது. சாக்கு எங்களோடு நின்றது.

“காலைல இருந்து மழைல நின்னு பறிச்சது, புள்ள,” என்றார் அம்மா.

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

இப்போது அந்த இலையைச் செடிகளுக்கு அடியில் கொட்டிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் சாக்கைப் பிடித்து நிற்கிறேன். ஊருக்கெல்லாம் கவுண்டர் கொடுக்கிற எனக்கு அம்மாவிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதல் வரியை மட்டும் யாராவது கமெண்டில் போடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.