இடது சீட்டில் உட்கார்ந்தவர்கள்

எங்கள் கார் என் கணவர் ஏறினால்தான் நிற்கும். நான் தனியாக ஓட்டினால் ஒன்றும் செய்யாது. நாத்தனாரையும் அவள் பேரன் பேத்திகளையும் பின் சீட்டில் அடைத்துக்கொண்டு கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தேன், ஒரு முனகல்கூட இல்லை. இவர் என் பக்கத்தில், இடது சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் அதற்கு வந்துவிடும். அதுவும் போகும்போது இல்லை. பெரம்பலூரில் டயாலிசிஸ் முடிந்து அரியலூருக்குத் திரும்பும்போதுதான்.

செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். முடிந்து வெளியே வரும்போது பிழிந்து போட்ட வேட்டி மாதிரி இருப்பார். ஒரு தடவை பஸ்ஸில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் இந்தப் பழைய காரை வாங்கி, இந்த வயதில் நான் ஓட்டப் பழகினேன். கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற வண்டி சட்டென்று உயிரை விடும். ஸ்டியரிங் கல்லாக இறுகும். பின்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வரும். நான் கத்திக்கொண்டே ஓரம் கட்டுவேன். இவர் கதவைத் திறந்து இறங்கி நிற்பார். அவர் இறங்கியதும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குக்கா" என்றார்கள். இவர் இல்லாமல் ஓட்டினால் சூப்பராகத்தானே இருக்கும்?

நாத்தனார் இவர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டு வந்தாள். "தம்பிக்கு இப்ப இரும்பு ஆவாதாம்" என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "ஆஸ்பத்திரி ஊசியும் இரும்புதான், அதையும் நிறுத்திரலாமா?" என்று கேட்டேன். இவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி நடு ரோட்டில் நின்று, டிப்பர் ஒன்று என் பக்கத்துக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நான் வரல."

"வாடகைக் கார் சொல்றேன்."

"அதுவும் நிக்கும். போதும்னு எனக்குத்தான் சொல்லுது. உன்னையும் சேத்துக் கொன்னுட்டுப் போவ மாட்டேன்."

ஒரு தடவை தவறினாலே நீர் நெஞ்சில் ஏறிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அது இவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. எத்தனை தடவைதான் காக்கை உட்காரும்? இந்த வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பும் இப்படி நின்றிருக்கிறது என்று ஒருவர் வாயால் கேட்டு வந்து சொன்னால்தான் இவர் எழுந்திருப்பார். வெள்ளிக்கிழமைக்குள் கேட்டாக வேண்டும்.

புரோக்கரை நச்சரித்து, எங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவரைப் பெரம்பலூரில் பிடித்தேன். பெயிண்ட் கடைக்காரர். வாசலில் காரைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் விற்ற வண்டியும் விற்ற மாடும் ஒன்று. கயிறு கை மாறிய பிறகு யாரும் குறை சொல்ல மாட்டார்கள், குறை கேட்கவும் மாட்டார்கள்.

"மாட்ட வித்தாச்சு, கயித்தயும் குடுத்தாச்சும்மா. இப்ப வந்து என்ன?"

"திருப்பிக் குடுக்க வரலீங்க. உங்ககிட்ட இருந்தப்ப நின்னுச்சான்னு மட்டும் சொல்லுங்க."

"நிக்கவே இல்ல. கடை சரக்க முன் சீட்டுலயும் பின் சீட்டுலயும் ஏத்திக்கிட்டு நான் ஒத்த ஆளா ஓட்டுனேன். புள்ளையார் சத்தியமா நிக்கல."

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அப்படியானால் என் கணவர் சொல்வதுதான் சரியா? ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். அதற்கு முன்னால் வைத்திருந்தவர் ஆலத்தியூர்ப் பக்கம், லாரி வைத்திருக்கிறவர் என்று மட்டும் கடைக்காரர் சொன்னார்.

வியாழக்கிழமை அங்கே போனேன். சிமெண்ட் தூசி படிந்த பெரிய வீடு. வாசலில் பளபளவென்று புதுக் கார். லாரிக்காரர் கைலியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பகல் பொழுதிலேயே சாராய வாடை. காரணத்தைச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அந்தச் சனியனா? ராசி கெட்ட வண்டிம்மா அது. காளி கோயிலுக்குக் கொண்டுபோயி எலுமிச்சம்பழம் நசுக்குனேன், கெடா வெட்டுனேன், ஒண்ணுத்துக்கும் மசியல."

எனக்கு மூச்சு வந்தது. "நின்னுச்சா?"

"நான் தனியாப் போனா குதுர மாதிரி ஓடும். இந்தா நிக்கிறாளே, இவள ஏத்துனாத்தான் நிக்கும். இவ ராசி அப்புடி."

அவர் கையைக் காட்டிய இடத்தில் அவர் மனைவி சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். நல்ல உயரமான பெண். தண்ணீரைக் கொடுக்கும்போது சொம்பு என் விரலில் இடித்துத் தளும்பியது. என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை ஒரு தரம் அசைத்தாள். கேட்காதே என்கிறாளா, இரு என்கிறாளா, புரியவில்லை. எழுந்துகொண்டேன்.

காரில் ஏறப் போனேன். "அக்கா, குங்குமம் எடுத்துக்காமப் போறீங்களே" என்று அவள் குங்குமச் சிமிழோடு ஓடி வந்தாள். சுமங்கலியை வெறும் நெற்றியோடு அனுப்பக் கூடாது. அதற்கு எந்தப் புருஷனும் தடை சொல்ல முடியாது. என் நெற்றியில் வைத்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டாள்.

"இந்தப் பக்கம் யாரு உக்கார்றாங்க?"

"என் வூட்டுக்காரரு. உடம்பு முடியாதவரு."

"உசரமா?"

"ஆமா."

இடது கதவைத் திறந்து, குனிந்து, கால் விரிப்பின் மேல் விளிம்பைத் தூக்கினாள். கால் வைக்கிற தளம் சாய்வாக மேலே ஏறுகிற இடத்தில், அதற்கு அடியில், காலிங்பெல் பொத்தான் மாதிரி ஒன்று இருந்தது.

"கால நல்லா நீட்டி அமுத்துனா எஞ்சின் நின்னுரும். விட்டா ஓடும். என் தம்பி வண்டி வயரிங் வேல பாக்குறவன். இவரு மலைக்குப் போயிருந்தப்ப மாட்டிக் குடுத்தான். மாலை போட்டிருந்தாத்தான் இவரு குடிக்க மாட்டாரு. மத்த நாளெல்லாம் குடிச்சிட்டுத்தான் ஓட்டுவாரு. எறங்குங்கன்னா அடி விழும். அதான் கெளம்பும்போதே அமுத்திப்புடுவேன். திட்டித் திட்டிப் பாத்துட்டுத் தூங்கிருவாரு. திடீர்னு ஒரு நாளு வித்துட்டாரு, கழட்ட நேரமில்ல."

டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் இவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். வலி தாங்காமல் காலை முன்னால் நீட்டி அழுத்திக்கொள்வார். நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"புது வண்டியில?" என்று கேட்டேன்.

"அதுல எல்லாம் கம்ப்யூட்டராம். வயர்ல கை வெக்க முடியாதுன்னுட்டான் தம்பி."

"நீ ஏறாம இருந்துடேன்மா."

"நான் ஏறலன்னா எம் பொண்ண மட்டும் ஏத்திக்கிட்டுப் போறாருக்கா."

உள்ளேயிருந்து, "அங்க என்னடி வெட்டிப் பேச்சு?" என்று குரல் வந்தது. அவள் விரிப்பைச் சரி செய்துவிட்டு, "அண்ணன் ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து, "அவருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு" என்றாள். அது பேச்சுக்குச் சொன்ன வார்த்தையில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்குக் கொண்டு வந்தேன். காரை ஓடவிட்டு, அவரைத் தெருவில் நிறுத்திவிட்டு, இடது பக்கம் மண்டியிட்டு உள்ளே கையை விட்டு அழுத்தினேன். வண்டி நின்றது. கையை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஓடியது. மறுபடி அழுத்தினேன்.

"நான் ஏறவே இல்லையே" என்றார்.

"அதத்தான் காட்டுறேன்."

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்ல. நீங்க எப்பவுமே இல்ல."

தெரு என்றும் பார்க்காமல் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எப்ப கெளம்பணும்?" என்று கேட்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

காலையில் மெக்கானிக்கை வரச் சொல்லி அதைக் கழற்றி எறிந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வழக்கமான இடத்தில் அவருக்குக் கால் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை முன்னால் நீட்டி அழுத்தினார். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா, நிக்கல!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்து, காலை எடுக்காமல் இன்னும் அழுத்தினார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஆலத்தியூர் ரோட்டில் அந்தப் பெண்ணும் புதுக் காரில் பயத்தோடு இப்படித்தான் காலை நீட்டி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வண்டியும் நிற்காது.