மிஸ் புரோபர்ட்டின் அலமாரிச் சீட்டு

“பிரஸ்ஸுன்னா என்ன?” என்று மிஸ் புரோபர்ட் கேட்டார்.

இங்கிலாந்தின் ஹெரஃபோர்டில் அந்த அகராதி அறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“அழுத்தறது,” என்றேன்.

“அது ஒண்ணு. அப்புறம்?”

“அச்சு இயந்திரம். பத்திரிகைக்காரங்க. துணிக்கு இஸ்திரி போடறது. ஆப்பிள் சாறு பிழியற மரப்பொறி.”

“வேல்ஸ்ல அவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்களா? துணி அடுக்கி வைக்கிற அலமாரிக்கும் அதான் பேரு. மடிச்சு அழுத்தி வைக்கிறோம்ல. சரி, கப்பற்படைக்கு ஆளைப் பிடிச்சுட்டுப் போவாங்களே, அந்த பிரஸ்?”

“அதுவும் அழுத்தறதுதானே, மிஸ் புரோபர்ட்? வலுக்கட்டாயம்.”

“எல்லாரும் அங்கதான் வழுக்கி விழுவாங்க. அது வேற சொல்லும்மா. சிப்பாய் கையில குடுக்கற முன்பணத்துக்குப் பழைய பிரெஞ்சுல ஒரு பேரு இருந்துச்சு, அதுலருந்து வந்தது. மத்ததெல்லாம் அழுத்தறதுங்கற லத்தீன் வேர். இதை யார் கண்டுபிடிச்சதுன்னு கேளு.”

“நீங்களா?”

“இல்ல. பெரிய அகராதியிலயே இருக்கு. ஆனா லம்லி என்னமோ தானே தோண்டி எடுத்த மாதிரி டாக்டருக்கு நாலு பக்கம் எழுதியிருக்கார்.”

லம்லியின் பெயரை அப்போதுதான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு கேட்காத நாள் இல்லை.

மிஸ் ஹெஸ்டர் புரோபர்ட்டுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வயதில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனவர். பதினோரு வருஷம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டிருக்கிறார். இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருந்தது. பிறகு எங்கள் மாவட்டச் சொற்களின் அகராதிக்குச் சீட்டு அடுக்க வந்தார். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஆவணக் காப்பகத்துக்குப் போய், செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான் பட்டியல்களைப் படிப்பார். ஒரு சொல் கண்ணில் பட்டால் ஒரு சீட்டு. சொல், வாக்கியம், தேதி. எந்தச் சொல்லானாலும் எங்கள் மாவட்டத்தில் மிகப் பழைய தேதி உள்ள சீட்டுத்தான் அச்சில் முதலில் நிற்கும். எடுத்தவர் பெயர் எங்கும் வராது.

பிரஸ் தன்னுடைய சொல் என்று அவர் நினைத்திருந்தார். யாரும் அப்படிச் சொன்னதில்லை.

லம்லி லெட்பரியில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். மிஸ் புரோபர்ட் அவரைப் பார்த்ததே இல்லை. அவருடைய சீட்டுகள் தடித்த வெண்ணெய் நிற அட்டையில் தபாலில் வரும். டாக்டர் கிரிண்டல், எங்கள் பதிப்பாசிரியர், அவற்றைத் தேநீர் வேளையில் உரக்கப் படிப்பார். மிஸ் புரோபர்ட் 1590 என்று ஒன்று கொண்டுவந்தால் மறு வாரம் லம்லியிடமிருந்து 1574 வரும்.

“கையெழுத்தைப் பாரு, கல்யாணப் பத்திரிகை மாதிரி,” என்பார் மிஸ் புரோபர்ட். “கார் இருக்கு, சமைச்சுப் போட ஆள் இருக்கு, பகல் முழுக்க நேரம் இருக்கு. என்னை மாதிரி பஸ்ல போய்ப் பார்க்கட்டும், தேதி எப்படி வருதுன்னு தெரியும்.”

அந்த இலையுதிர் காலத்தில் லம்லி அலமாரி என்ற பொருளுக்கு 1551 நவம்பர் என்று ஒரு சீட்டு அனுப்பினார். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். மிஸ் புரோபர்ட் தேநீரைக் குடிக்கவில்லை.

மூன்று சனிக்கிழமை கழித்து அவர் ஒரு சீட்டை என் மேசையில் வைத்தார். லியோமின்ஸ்டர் விதவை ஒருத்தியின் படுக்கையறை, பிரஸ் ஒன்று, அதில் ஆறு ஜோடி விரிப்புகள். 1551 பிப்ரவரி 9. அன்று எல்லாருக்கும் சீரகக் கேக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். மிஸ் புரோபர்ட் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தேதி சரிபார்ப்பது என் வேலை. அந்தக் காலத்தில் இங்கே மார்ச் 25-ல்தான் புது வருஷம் பிறக்கும். அப்படிப் பார்த்தால் 1551 பிப்ரவரி என்பது 1551 நவம்பருக்கு மூன்று மாதம் பின்னால் வருவது. இன்றைய கணக்கில் அது 1552. இந்த விதி எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவர் மிஸ் புரோபர்ட்.

எல்லாரும் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“பிப்ரவரிதானே?” என்றார் நிமிராமல். “பஸ்லயே தெரிஞ்சுபோச்சு. ஸ்டாப் வர்றதுக்குள்ள.”

“அப்புறம் ஏன் மிஸ் புரோபர்ட்?”

“கேக் சுடணும்னு இருந்துச்சு.”

“டாக்டர் கண்டுபிடிச்சா?”

“அவர் லம்லி சீட்டை மட்டுந்தான் ஊன்றிப் படிப்பார்.” கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது, கழற்றி மறுபடி போட்டார். “நீ திருத்தித்தான் ஆகணும். நான் வேண்டாம்னு சொல்லல.”

“நாளைக்குக் காலையில செய்யறேன்.”

“நாளைக்கு வேண்டாம். வர்ற சனிக்கிழமை காப்பகத்துக்குப் போ. நான் போனா பொறாமைன்னு சொல்லுவாங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். லம்லி பார்த்த பட்டியலை எடுத்து நீ உன் கண்ணால படி. மாசம், வருஷம், ஒவ்வொரு எழுத்தா. அந்த மனுஷனும் எங்கயாவது ஒரு தப்பு பண்ணியிருப்பார். பண்ணலைன்னா வந்து என்கிட்டச் சொல்லு, டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் என் சீட்டு முன்னால இருக்கட்டும்.”